விசைப்படகை விட்டு நாட்டுப்படகுக்கு இறங்கும் தம்பிகளுக்கு

பாம்பன், மண்டபம், ராமேசுவரம் கரையில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "விசைப்படகை வித்துடலாம்னு இருக்கேன் அண்ணே, ஒரு பைபர் எடுத்து நாமளே போயிடலாம்." சொல்கிறவன் குரலில் பாதி நிம்மதி, பாதி வெட்கம்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். டீசல் விலை ஏறியது, மீன்பாடு இறங்கியது, ஆள் கிடைப்பதில்லை. பாக் நீரிணை அகலம் குறைந்த கடல். 1974, 1976 ஒப்பந்தங்களுக்குப் பிறகு நடுவே கோடு விழுந்துவிட்டது. இழுவைமடிக்கு இலங்கை 2017 ஜூலையில் சட்டம் போட்டே தடை விதித்துவிட்டது. எல்லை தாண்டிப் பிடிபட்டால் ஆள் திரும்பி வந்தாலும் படகு திரும்புவது அரிது. அதே 2017இல் நம் அரசு ஆழ்கடல் சூரைமீன் படகுத் திட்டம் கொண்டுவந்தது. அப்போது படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் 70 விழுக்காடு மானியம். பெரியதை விட்டு இன்னும் பெரியதுக்கு ஏறும் வழி அது. சின்னதுக்கு, அதாவது பைபர் நாட்டுப்படகுக்கு, இறங்குவது வேறு வழி. நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

விசைப்படகைப் பல வருஷம் ஓட்டியவன் பைபர் ஓட்டுவதற்கு என்ன கற்க வேண்டும் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. படகு மட்டும் சின்னதாகி, செலவும் பழக்கமும் பழைய அளவிலேயே நின்றதால் நொடித்துப்போன குடும்பங்கள் நம் கரையில் உண்டு. அதனால்தான் இத்தனையும் சொல்கிறேன்.

1. கடனை எழுதிப் பாருங்கள், பிறகு படகை விற்கலாம்.

ஐஸ் கம்பெனி, டீசல் பாக்கி, வலைக்கடை, வங்கி, மீன் கம்பெனிக்காரர் கொடுத்த முன்பணம், வீட்டு நகை என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். கூட்டிப் பார்க்கப் பயந்துதான் பலர் எழுதுவதில்லை. படகு விற்ற பணம் அந்தத் தொகையை அடைத்து, சின்னப் படகுக்கும் வலைக்கும் மிச்சம் வைக்குமா என்று பாருங்கள். மிஞ்சாது என்றால் பழைய பைபரோடு தொடங்குங்கள். பழைய கடன் மேல் புதுக்கடன் வாங்கிப் புதுப்படகு இறக்க வேண்டாம்.

விற்க நல்ல நேரம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையேறி வேலைக்கு நிற்கும். வாங்குகிறவன் அடிப்பலகை வரை தட்டிப் பார்ப்பான், பேரம் நேராக நடக்கும். வடகிழக்குக் காற்றடிக்கும் வாடைக் காலத்தில் புயல் பயத்தோடு விற்றால் பாதி விலைதான். முழுப்படகுக்கு ஆள் வராவிட்டால் இன்ஜின், கியர்பாக்ஸ், வின்ச், மடி, பலகை, இரும்பு ரோப்பு என்று தனித்தனியாக விலை கேட்டுப் பாருங்கள். சில சமயம் கூட்டுத்தொகை அதிகம் வரும்.

2. பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பணம் கைக்கு வந்ததும் "ஆர்சி அப்புறம் மாத்திக்கலாம்" என்று விட்டுவிடுவது நம் ஊர்ப் பழக்கம். வாங்கியவன் எல்லை தாண்டிப் பிடிபட்டால் தாளில் உரிமையாளர் நீங்கள்தான். நீதிமன்ற அழைப்பும் உங்களுக்குத்தான் வரும். மீன்துறை அலுவலகத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து போய் பதிவு, உரிமம், டீசல் புத்தகம் மூன்றையும் மாற்றுங்கள். உடைத்து விற்றால் பதிவை ரத்து செய்த தாளை வாங்கி வையுங்கள். புதுப் பைபருக்குப் பதிவும் காப்பீடும் முடிந்த பிறகே கடலில் இறக்குங்கள்.

3. கூட வந்த ஆட்களை நடுக்கடலில் விட்டதுபோல் விடாதீர்கள்.

விசைப்படகில் டிரைவரோடு ஐந்தாறு பேர் வந்தார்கள். பைபரில் மூன்று பேருக்கு மேல் இடமில்லை. மிச்சம் பேருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தடைக்காலம் முடிந்து எல்லாப் படகும் ஆள் தேடும் நேரத்துக்கு முன்னால் சொன்னால் அவர்கள் வேறிடம் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் வாங்கிய முன்பணத்தைக் கறாராகக் கேட்டு வாசலில் நிற்க வேண்டாம். அடுத்த படகு முதலாளி, அதாவது சம்மாட்டி, ஏற்றுக்கொள்ளும்படி பேசி முடியுங்கள். நாளை உங்கள் இன்ஜின் நடுக்கடலில் நின்றால் கயிறு போட்டு இழுத்து வரப்போவது அவர்கள் ஏறிய படகுதான்.

கூட்டிப் போகும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது பலத்தைவிட நிதானத்தைப் பாருங்கள். வின்ச் இழுத்த வேலையைக் கை இழுக்கப்போகிறது என்பது உண்மைதான். ஆனால் சின்னப் படகில் ஒருவன் பதறினால் மூன்று பேருக்கும் ஆபத்து.

4. முதலில் மீனை முடிவு செய்யுங்கள், அடுத்து வலை, கடைசியில் படகு.

பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். யார் படகோ அழகாக இருந்தது என்று வாங்கிவிட்டு, அதற்கு எந்த வலை பொருந்தும் என்று கேட்டு வருகிறார்கள். இழுவைமடி எதையும் பார்க்காது. இறால், நண்டு, கணவாய், காரல், சங்காயம் எல்லாம் ஒன்றாக வாரிக்கொண்டு வரும். கரையில் தரம் பிரித்தால் போதும். வழிவலைக்கும் தூண்டிலுக்கும் அப்படி இல்லை. எந்த மீன் வேண்டுமோ அதற்கென்று கண்ணி அளவு, அதற்கென்று நூல், ஆழம், நேரம்.

வடகடலான பாக் நீரிணையில் நண்டு வலை என்றால் ஆழம் குறைவு, பல இடங்களில் ஐந்தாறு பாகத்துக்குள் தொழில் முடியும். தட்டையான இலேசான படகு போதும். தென்கடலான மன்னார் வளைகுடாவில் சீலா, பாறை மீன்களுக்கு இரவு வலை போட வேண்டும் என்றால் அலை தாங்கும் உயர்ந்த அணியமும் ஐஸ் பெட்டிக்கு இடமும் வேண்டும். கணவாய்த் தூண்டிலுக்குப் படகைவிடப் பொறுமைதான் முதல் முதலீடு. ஒரு பருவத்துக்கு ஒன்று என்று இரண்டு வகை வலை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வகை வாங்கினால் அதில் நான்கு வகை வாடியில் எலி கடித்துக் கிடக்கும்.

5. பைபரைக் கண்ணால் பார்த்து வாங்காதீர்கள், தட்டிப் பாருங்கள்.

சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் பைபர் படகு பெருகியது. எல்லா அச்சும் ஒரே தரமில்லை. பழைய படகு வாங்கும்போது வெள்ளை அடித்த மினுக்கத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். விரல் கணுவாலோ ஒரு ரூபாய்க் காசாலோ அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்கும் இடம் நல்ல இடம். சொத்தென்று அடங்கிக் கேட்டால் அடுக்குகள் பிரிந்து நடுவே தண்ணீர் ஏறியிருக்கிறது. அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுங்கள். நாலு வட்டத்துக்கு மேல் விழுந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து இன்ஜின் மாட்டும் பின்பலகை. உள்ளே மரம் வைத்து மேலே பைபர் பூசியிருப்பார்கள். போல்ட் துளை வழியே தண்ணீர் இறங்கினால் உள்ளே மரம் உளுத்துப்போகும், வெளியே தெரியாது. போல்ட்டைக் கழற்றச் சொல்லிக் குச்சி விட்டுப் பாருங்கள். ஈரமான தூள் ஒட்டி வந்தால் அந்தப் பலகை தென்மேற்குக் காற்றடிக்கும் ஒரு கச்சான் காலம் தாங்காது. மணலில் இழுத்து இழுத்து அடிவரம்பு தேய்ந்திருக்கிறதா என்பதையும் கையால் தடவிப் பாருங்கள். கடைசியில், காற்று இருக்கும் ஒரு நாளில் உங்கள் ஆட்களோடு ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து விலை பேசுங்கள். காயலில் ஓட்டிக் காட்டுகிறேன் என்பவனிடம் வாங்க வேண்டாம்.

6. இன்ஜினில் குதிரைச் சக்தியைத் தேடாதீர்கள்.

நூறு குதிரைக்கு மேல் ஓட்டிய கைக்குப் பத்துக் குதிரை இன்ஜின் விளையாட்டுப் பொருளாகத் தெரியும். அதனால் பெரிய இன்ஜின் மாட்டத் தோன்றும். பின்பக்கம் அழுந்தும், அணியம் தூக்கும், எண்ணெய் கூடும், பலகை விரிசல் விடும். படகு கட்டியவர் சொன்ன அளவோடு நில்லுங்கள். உங்கள் ஊரில் பத்துப் பேர் எந்த இன்ஜின் வைத்திருக்கிறார்களோ அதையே வாங்குங்கள். உதிரிபாகமும் மெக்கானிக்கும் பக்கத்திலேயே இருப்பார்கள்.

அவுட்போர்டு என்றால் கரை வந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்குக் கொண்டுவந்து அணையுங்கள். ஒரு ஜோடி பிளக், பிளக் சாவி, இழுப்புக் கயிறு, ஒரு டார்ச், இரண்டு துடுப்பு எப்போதும் படகில் இருக்கட்டும். எண்ணெயை மூன்று பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். போக ஒன்று, வர ஒன்று, காற்று மாறினால் ஒன்று. மூன்றாவது பங்கில் கை வைத்துத்தான் மீன் பிடிக்க வேண்டும் என்றால் அன்றைக்கு அந்த மீன் வேண்டாம்.

7. பாரம் எங்கே இருக்கிறது என்பதே உயிர்.

விசைப்படகில் ஆறு பேரும் ஒரே பக்கம் நின்று மடி ஏற்றினாலும் படகு கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். பைபரில் இரண்டு பேர் ஒரே பக்கம் எழுந்து நின்றால் தண்ணீர் உள்ளே வரும். ஐஸ் பெட்டியையும் எண்ணெய்க் கேனையும் நடுவில், அடியோடு வைத்துக் கட்டுங்கள். ஈர வலை காய்ந்த வலையைவிடப் பல மடங்கு கனக்கும் என்பதை நினைத்துத்தான் வலையின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். ஒருவன் வலை இழுத்தால் மற்றவன் எதிர்ப்பக்கம் உட்காரட்டும். அலையைப் பக்கவாட்டில் வாங்காதீர்கள், அணியத்தைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுங்கள். மீன்பாடு அதிகமாகிவிட்டால் வலையின் ஒரு பகுதியைப் போயா மிதவை கட்டி விட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் எடுக்கலாம்.

8. இரண்டு கடலும் உங்களுக்குச் சொந்தம், காற்றைக் கேட்டுப் போங்கள்.

சின்னப் படகுக்கு வாய்த்த பெரிய வசதி இது. கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் பொங்கும், வடகடல் ஓரளவு அடங்கியிருக்கும். வாடை வந்துவிட்டால் நிலைமை மாறும், வடகடல் கலங்கித் தென்கடல் பரவாயில்லை என்றாகும். விசைப்படகு இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்குப் போக பாம்பன் ரயில் பாலத்தின் நடுப்பகுதி திறக்கும்வரை காத்துக்கிடந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப்பாலத்திலும் பெரிய படகு போக நடுப்பகுதியைத் தூக்க வேண்டும். பைபர் தூண்களுக்கு நடுவே குனிந்து போய்விடும். ஆனால் பாலத்தடியில் நீரோட்டம் பொல்லாதது. நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தூணைச் சுற்றி வரும் நுரையைப் பார்த்துவிட்டு நுழையுங்கள். தனியாகவும் இரவிலும் வேண்டாம்.

தென்கடலில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. தீவை அணைந்து நங்கூரம் போடுவதும் வலை விடுவதும் வழக்கில் முடியும். பார்மேல் நங்கூரம் இழுத்தால் மீன் குஞ்சு வளரும் இடம் போய்விடும், நஷ்டம் நமக்குத்தான். வலையில் ஆவுளியாவோ ஆமையோ மாட்டினால் வலையை அறுத்தாவது விட்டுவிடுங்கள். கடல் அட்டையைத் தொடவே வேண்டாம்.

9. நேற்று நீங்கள் நின்ற பக்கத்தை மறக்காதீர்கள்.

தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. அதன்படி கரையை ஒட்டிய கடல் விசைப்படகு தொழில் செய்யக்கூடாத இடம். அதோடு நம் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று பேசிவைத்த முறையும் உண்டு. விசைப்படகில் இருந்தபோது இந்த இரண்டும் தொந்தரவாகத் தெரிந்திருக்கும். இனி அவைதான் உங்கள் வலைக்கு வேலி.

விசைப்படகு போகும் நாளில் மடி வரும் தடத்தில் வலை விடாதீர்கள். அந்தத் தடம் உங்களைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? வலையின் இரண்டு முனையிலும் கொடியும், இரவில் விளக்கும் வையுங்கள். அறுந்துவிட்டால் கடலில் சண்டைக்குப் போகாமல் படகு எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு கரைக்கு வந்து சங்கத்தில் வையுங்கள். விசைப்படகுக்காரர்களோடு பேசத் தெரிந்தவர் நீங்கள். நாட்டுப்படகுச் சங்கம் அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ளட்டும்.

10. எடையை விட்டுவிடுங்கள், தரத்தைப் பிடியுங்கள்.

கூடை கூடையாகக் கொட்டிய காலம் போய்விட்டது. இனி ஒவ்வொரு மீனும் எண்ணிக்கைக்கு வரும். நண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் விட்ட வலையை விடியும் முன் எடுங்கள், வெயில் ஏறினால் நண்டு சோர்ந்துவிடும். வலையைக் கரையில் கொண்டுவந்து உதறாதீர்கள். நண்டின் முதுகுப்பக்கம் கட்டைவிரலும் அடியில் ஆட்காட்டி விரலும் வைத்துப் பிடித்து, நூலைத் துடுப்புக்காலிலிருந்து முதலில் விடுவித்து, கடைசியாகக் கொடுக்குக்கு வாருங்கள். கொடுக்கைப் பிடித்து இழுத்தால் கையோடு ஒடிந்து வரும், கம்பெனிக்காரர் அதைத் தனிக்கூடையில் போட்டு விலையைக் குறைத்துவிடுவார். எடுத்த நண்டின் மேல் நனைந்த சாக்கைப் போடுங்கள். சினையோடு வந்ததையும், ஓடு இன்னும் இறுகாததையும் அங்கேயே கடலில் விடுங்கள். ஓடு இறுகாததில் சதையும் இருக்காது, விலையும் இருக்காது.

சீலா, பாறை, விளமீன் வந்தால் வெயிலில் ஒரு நிமிஷம்கூடக் கிடக்க விடாமல் ஐஸில் புதையுங்கள். விசைப்படகு மீன் கரைசேரும் நேரத்துக்கு முன் உங்கள் மீன் ஏலத்துக்கு வந்தால் விலை வேறு. வீட்டுப் பெண்களுக்கு விலை பேசத் தெரியும். கொஞ்சம் மீனை ஏலத்துக்கு விடாமல் அவர்கள் கையால் நேரடியாக விற்கச் சொல்லுங்கள்.

11. கணக்கை அன்றன்றே முடியுங்கள்.

விசைப்படகு யானையைக் கட்டித் தீனி போட்ட கதை. ஒரு தடவை கடலுக்குப் போய்வர நானூறு லிட்டர் டீசல் தின்ற படகுகள் உண்டு. பாடு இல்லாத நாளில் மொத்தமும் கடனில் சேரும். பைபருக்குச் செலவு சிறியது, வரவும் சிறியது. அதனால்தான் கசிவு கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய், ஐஸ், தீன், வலை ஒட்டு என்று நான்கு வரி எழுதுங்கள். செலவு போக மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் உள்ள பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். பங்கு பிரிக்கும் முறை ஊருக்கு ஊர் மாறும். எதுவானாலும் முதல் நாளே ஆட்களிடம் சொல்லிவிடுங்கள்.

மீன் வாங்குகிறவரிடம் கடன் வாங்கினால் அவர் சொன்னதே விலை. அதற்குப் பதிலாக மீனவர்களுக்கும் கிடைக்கும் கிசான் கடன் அட்டையைக் கேட்டுப் பாருங்கள். வரிவிலக்கு டீசல் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர், இயந்திர நாட்டுப்படகுக்கு 4,400 லிட்டர். அளவு குறைந்ததே என்று வருந்த வேண்டாம், உங்கள் தேவையும் குறைந்துவிட்டது.

தடைக்காலத்தில் விசைப்படகு எல்லாம் கட்டிக்கிடக்கும்போது நாட்டுப்படகு கடலுக்குப் போகலாம். சந்தையில் மீன் குறைவு, விலை உச்சம். வலையைப் பங்குனிக்குள் ஒட்டி முடித்துத் தயாராக இருங்கள். அந்த இரண்டு மாதப் பணத்தில் ஒரு பகுதியை ஐப்பசி, கார்த்திகைக்கு எடுத்து வையுங்கள். மழையும் புயலும் அடுப்பை அணைக்கும் மாதங்கள் அவை.

12. புயல் கூண்டு ஏறிய பிறகு கடலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போன கதை நம் கரையில் எல்லாருக்கும் தெரியும். 2017இல் ஒக்கி, 2018இல் கஜா. பெரிய படகு சமாளித்து வரும் காற்றில் பைபர் வராது. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறினாலோ, மீன்துறை டோக்கனை நிறுத்தினாலோ, கடல் எண்ணெய்போல் கிடந்தாலும் போகாதீர்கள். உயிர்காப்புச் சட்டையைத் தலைக்கு வைத்துப் படுக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். போனைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். கடலோரக் காவல் படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. இரண்டையும் படகின் உள்பக்கம் பெயின்டால் எழுதுங்கள். எந்தப் பக்கம் போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லாமல் நங்கூரத்தை எடுக்க வேண்டாம். மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய் உண்டு. உங்கள் பெயரும் கூட வருகிற இரண்டு பேர் பெயரும் அதில் இருக்கிறதா என்று வருஷா வருஷம் பாருங்கள்.

13. சம்மாட்டி என்ற நினைப்பைக் கரையில் வைத்துவிட்டு ஏறுங்கள்.

"வசதி குறைஞ்சு போச்சுபோல" என்று ஊர் பேசும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. அதற்குப் பயந்து கல்யாணச் செலவு, திருவிழா வரி, கைமாற்று எல்லாவற்றையும் பழைய கணக்கிலேயே செய்தால் சின்னப் படகால் தாங்க முடியாது. வீட்டில் உட்காரவைத்து வெளிப்படையாகச் சொல்லுங்கள்: இனி வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு. பிள்ளைகளும் கேட்கட்டும்.

கடலிலும் அப்படித்தான். பல வருஷம் வழிவலை போட்ட கிழவர், பள்ளிக்கூடம் விட்டு நேராகத் தூண்டில் எடுத்த பையன், இரண்டு பேரிடமும் கேட்டுக் கற்க வேண்டியிருக்கும். ஜிபிஎஸ் குறித்த இடம் தெரிந்தவர் நீங்கள். எந்த நிலவில் எந்தப் பாரில் ஓரா மீன் மேயும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

14. லாபம் வந்ததும் படகைப் பெரிதாக்காதீர்கள்.

ஒரு நல்ல தடைக்காலம் கிடைத்துவிட்டால் கை பரபரக்கும். இரண்டாவது பைபர், இன்னும் இரண்டு கிலோமீட்டர் வலை, கூடுதல் குதிரைச் சக்தி என்று மனம் ஓடும். நம் அப்பன்மார் வத்தை என்ற சின்னப் படகிலிருந்து விசைப்படகுக்கு ஏறியதும் இப்படித்தான். கடன் வந்ததும் அந்த வழியில்தான். ஒரு கச்சானும் ஒரு வாடையும் முழுசாகப் பார்க்காமல் எதையும் கூட்ட வேண்டாம். அதன் பிறகும் கையில் காசு நின்றால் முதலில் மிச்சக் கடன், அடுத்து பிள்ளையின் படிப்பு, பிறகு வாடியில் மாற்றுக்கு ஓர் இன்ஜின். அத்தனையும் முடிந்து மிஞ்சினால் வங்கியில் போட்டுவிட்டு, மறுநாள் அதே படகில் கடலுக்குப் போங்கள்.